பிராசசரை மாற்றுவதா, வேண்டாமா: கோத்தகிரியில் ஒரு கணினியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு நாளில், கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் அட்டியிலிருந்து (படகர் ஊரிலிருந்து) ஓர் இளைஞரும் அவருடைய தந்தையும், கணினியில் விளையாட்டுகள் திணறுகின்றன என்று சொல்லி, கணினி பார்க்கும் என் கடைக்கு வந்தனர். இளைஞர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். தந்தை சிறு தேயிலை விவசாயி. பசுந்தேயிலை விலை ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும் குடும்பங்களில், மகனின் கணினிக்கு இன்னும் ஒரு முறை பணம் போடுவது எளிய முடிவன்று. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பு அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார்.

கணினி 2020-இல் வாங்கப்பட்டது. ரைசன் 5 2600 பிராசசர் (கணக்கிடும் மையச் சில்லு), பி450 மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகை), 8 ஜிபி டிடிஆர்4 ராம் (தற்காலிக நினைவகம்) ஒன்று, 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு (திரைக்காட்சியை வரையும் அட்டை), ஒரு எஸ்எஸ்டி (சேமிப்பகம்), 450 வாட் மின்வழங்கி ஆகியவை அதில் இருந்தன. அந்த ஆண்டு கோடை விடுமுறையில் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றும் சேர்ந்திருந்தது. செப்டம்பர் வரை குறை என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அந்த மாதம் 21-ஆம் தேதி சைபர்பங்க் 2077 விளையாட்டின் 2.0 பதிப்பு வெளிவந்தது. ஆறு நாள் கழித்து, 27-ஆம் தேதி, கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் விளையாட்டின் இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்து அமர்ந்தது. இளைஞர் விளையாடிவந்தவை பெரும்பாலும் இவ்விரண்டுதான். ஒரே வாரத்தில் இரண்டும் முன்பைவிடக் கனத்துவிட்டதால், கணினியே பழுதாகிவிட்டது என்ற எண்ணம் அவருக்கு வந்ததில் வியப்பில்லை.

அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு ஆலோசனைகள் இருந்தன. கோயம்புத்தூரில் ஒரு கடையில், 2018-இல் வந்த பிராசசர் இனி எதற்கும் உதவாது என்று கூறி, ரைசன் 5 7600, அதற்கான புதிய மதர்போர்டு, டிடிஆர்5 ராம் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 45,000 ரூபாய் விலைக்குறிப்பு கொடுத்திருந்தனர். அந்தப் பிராசசர் பழைய மதர்போர்டில் பொருந்தாது. டிடிஆர்4 ராமையும் ஏற்காது. எனவே மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற அளவில் அவர்கள் சொன்னது சரியே. சைபர்பங்க் 2.0 பதிப்புக்கென வெளியிடப்பட்ட பரிந்துரைப் பட்டியலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி என்ற பெயர் இருந்ததும் இளைஞரின் அச்சத்தைக் கூட்டியிருந்தது.

மறுபக்கம், அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் விளையாட்டு ஓடும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து, பிராசசர் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றும், பாதி சும்மா இருக்கும் பிராசசரை மாற்றுவது வீண் என்றும், கிராபிக்ஸ் கார்டைத்தான் மாற்ற வேண்டும் என்றும் கூறியிருந்தார்.

"எந்தச் சாமானை மாத்தினா நல்லா ஓடும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் தந்தை. கணினியை இரண்டு வாரத்துக்கு என்னிடம் விட்டுச் செல்லச் சொன்னேன். இளைஞர் தயங்கினார், பிறகு சம்மதித்தார்.

அளவிடுவதற்கு முன் விலக்கியவை

முதல் நாள், வேகத்தைக் குறைக்கும் வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், மின்விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் குறைவாகவே இருக்கும். ஆனால் அறையின் வெப்பநிலை 16 டிகிரி என்பதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. சமவெளியில் மே மாதத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டிய சூடு, மலையில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருள் காட்டியபடி, ஒரு மணி நேர விளையாட்டுக்குப் பிறகும் பிராசசர் 66 டிகிரியில் இருந்தது. அதன் கடிகார வேகமும் 3.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே சரியவில்லை. எஸ்எஸ்டியில் இடம் இருந்தது. மானிட்டரும் 144 ஹெர்ட்ஸில்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே சூடும் அமைப்புப் பிழையும் பட்டியலிலிருந்து நீங்கின.

முதல் அளவீடு

ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து சராசரி எடுத்தேன். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஒரே வரைபடத்தில், பாட்களுடன் (கணினியே ஆட்டுவிக்கும் ஆட்டக்காரர்களுடன்), ஒரே பாதையில் ஓடும் ஆட்டம். சைபர்பங்கில் விளையாட்டுக்குள்ளேயே உள்ள பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை); அதனுடன், கூட்டம் மிகுந்த சந்தைத் தெருவில் ஒரு நிமிட நடை. அந்தப் பெஞ்ச்மார்க் கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் அளவுக்குப் பிராசசரைச் சோதிப்பதில்லை என்பதால் இரண்டாவது தேவைப்பட்டது.

சராசரி எஃப்.பி.எஸ். எண்ணை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்பதை) மட்டும் பார்த்தால் இவ்வகைக் குறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9 மில்லிநொடி. நூறு ஃப்ரேம்கள் 7 மில்லிநொடியில் வந்து, நடுவில் ஒன்று 40 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி அதிகம் குறையாது. ஆனால் குறிபார்த்துக்கொண்டிருப்பவரின் கை அந்த ஒன்றைத்தான் உணரும். ஆகவே மிகவும் தாமதமாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃப்ரேம்களின் வேகத்தை, அதாவது 1 சதவீதத் தாழ்வு எனப்படும் எண்ணை, முதன்மையாகக் குறித்துக்கொண்டேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, 1080பி, நடுத்தரத் தரம்: சராசரி 108, தாழ்வு 44. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 55 சதவீதத்தை ஒட்டியே நின்றது. தெளிவுத்திறனை 720பி-க்குக் குறைத்தபோது சராசரி 110. கார்டின் சுமையைப் பாதிக்கும் மேல் இறக்கிவைத்த பிறகும் வேகம் கூடவில்லை என்றால், விளையாட்டு கார்டுக்காகக் காத்திருக்கவில்லை; பிராசசருக்காகவோ அதற்குத் தரவு கொடுக்கும் ராமுக்காகவோ காத்திருக்கிறது என்பதே பொருள்.

சைபர்பங்க், 1080பி, உயர் தரம்: சராசரி 47, தாழ்வு 26. கார்டின் பயன்பாடு 97 முதல் 99 சதவீதம். 720பி-இல் சராசரி 61 ஆனது. அதாவது, வழக்கமான அமைப்பில் இந்த விளையாட்டை இழுத்துப் பிடிப்பது கார்டு. கார்டின் பாரத்தைக் குறைத்தால், 61-க்கு அருகில் பிராசசர் பக்கத்தின் கூரை வந்து தலையில் இடிக்கிறது.

ஒரே கணினியில், ஒரே நாளில், இரண்டு விளையாட்டுகள் இரண்டு வெவ்வேறு விடைகளைத் தந்தன. பிராசசரை மாற்றினால் வேகம் கூடுமா என்ற கேள்வியை எந்த விளையாட்டில், எந்தத் தரத்தில் என்று சேர்க்காமல் கேட்டால் அதற்கு விடை கிடையாது என்பதை இளைஞருக்கு இந்த எண்களை வைத்தே காட்ட முடிந்தது.

50 சதவீதம் என்ற எண்ணைப் பற்றி

நண்பரின் வாதத்தை இங்கே சற்று விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும்; ஏனெனில் இதே வாதத்தைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன். ரைசன் 5 2600-இல் 6 கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) 12 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகளும்) உண்டு. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தப் பயன்பாடு என்பது அந்த 12 த்ரெட்களின் சராசரி. அவற்றில் ஒன்று முழுமூச்சாக ஓடி, மற்ற பதினொன்றும் உறங்கினாலும் காட்டப்படும் எண் 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். விளையாட்டின் முதன்மைத் த்ரெட் என்பது தறியில் ஊடை ஓடுவதைப் போல ஒன்றன்பின் ஒன்றாகவே நகரக்கூடிய வேலை. அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டுக் கொடுக்க இயலாது. அந்த ஒரு த்ரெட் முடியும்வரை கார்டுக்கு அடுத்த ஃப்ரேமின் கட்டளை போகாது. ஆகவே பிராசசர் 50 சதவீதத்தில் இருக்கும்போதே அது கார்டைக் காக்க வைத்துக்கொண்டிருக்க முடியும். இதை அறிய எளிய வழி, பிராசசரின் எண்ணை விட்டுவிட்டுக் கார்டின் எண்ணைப் பார்ப்பதுதான். ஃப்ரேம் வேகத்துக்கு எந்த வரம்பும் போடாதபோது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டே எல்லை. அதைவிட வெகுவாகக் கீழே நின்றால் எல்லை வேறிடத்தில் இருக்கிறது.

கடைக்காரரின் முடிவு ஒரு விளையாட்டுக்குப் பாதி சரி. நண்பரின் முடிவு இன்னொன்றுக்குப் பெருமளவு சரி. இருவரும் அளக்காமல் சொன்னார்கள்.

ராமில் கண்டது

இரண்டாம் நாள் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தபோது, 8 ஜிபி ராம் ஒன்றே ஒன்று, பிராசசரை ஒட்டிய முதல் ஸ்லாட்டில் இருந்தது. மேலே ஒட்டப்பட்ட தாளில் 3200 என்று இருந்தாலும், பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்எம்பி (ராமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஒருபோதும் இயக்கப்படாததால் அது 2400 வேகத்திலேயே மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. விற்றவர்கள் அமைக்கவில்லை; வாங்கியவருக்குத் தெரியவில்லை. மலையில் என்னிடம் வரும் கணினிகளில் இது அரிதான காட்சி அன்று.

இதன் விளைவு மூன்று வகையானது. ஒற்றை ராம் இருக்கும்போது நினைவகத்தின் இரண்டு சேனல்களில் (தரவுப் பாதைகளில்) ஒன்று மட்டுமே பயன்படுகிறது. இந்தத் தலைமுறை ரைசன் பிராசசர்களில் கோர்த் தொகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உட்பாதை ராமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுவதால், ராம் மெதுவாக ஓடினால் பிராசசரின் உட்பாதையும் மெதுவாகிறது. 2600-இல் எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்) 8 எம்பி வீதம் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு தொகுதியின் கோர் மற்றதன் தரவைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதையில்தான் போய்வர வேண்டும். மூன்றாவது, சைபர்பங்க் 2.0 குறைந்தபட்சமாகவே 12 ஜிபி ராம் கேட்கிறது. 8 ஜிபியில் ஓடும்போது மிச்சம் எஸ்எஸ்டிக்குத் தள்ளப்படுகிறது. சந்தைத் தெருவில் கண்ட திணறலுக்குப் பெரும்பகுதி அதுவே காரணம். 7800எக்ஸ்3டி என்ற பெயரைக் கண்டு கலங்கிய அதே பட்டியலில்தான் இந்த 12 என்ற எண்ணும் இருந்தது. அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

முதல் முடிவும் அதன் பயனும்

எந்தப் பெரிய செலவுக்கும் முன்பு ராமைச் சரிசெய்வது என்று முடிவு செய்தோம். காரணம் எளிது. பிராசசரை மாற்றினாலும், கார்டை மாற்றினாலும், ஒன்றுமே மாற்றாவிட்டாலும் 16 ஜிபி தேவைப்படும். எந்த வழியில் போனாலும் அந்தச் செலவு வீணாகாது. அதே நிறுவனத்தின் அதே வகை 8 ஜிபி ராம் ஒன்று, ஏறத்தாழ 1,700 ரூபாய்க்கு, கோயம்புத்தூரிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தது. பிராசசர் பக்கமிருந்து எண்ணும்போது 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்களில் இரண்டையும் பொருத்தினேன்.

எக்ஸ்எம்பியை இயக்கி 3200-இல் வைத்து, ராமின் பிழைகளைக் கண்டறியும் மெம்டெஸ்ட்86 சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பார்த்தபோது பிழைகள் இருந்தன. 2600 பிராசசருக்கு அதிகாரபூர்வமான எல்லை 2933 என்பதால், அந்த வேகத்துக்கு இறக்கி மறு இரவு சோதித்தபோது பிழை ஒன்றும் இல்லை. விண்டோஸ் திறக்கிறது, விளையாட்டும் ஓடுகிறது என்பதோடு விட்டிருந்தால் இந்தப் பிழைகள் சில வாரங்கள் கழித்துக் கெட்டுப்போன கோப்பாகவோ நீலத் திரையாகவோ வந்து நின்றிருக்கும். ராம் வேகத்தை உயர்த்திய பிறகு இந்தச் சோதனையைத் தவிர்ப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மறு அளவீட்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இன் சராசரி 108-இலிருந்து 136 ஆகவும், தாழ்வு 44-இலிருந்து 71 ஆகவும் உயர்ந்தன. சைபர்பங்கின் சராசரி 47-இலிருந்து 49 ஆனது, ஏறக்குறைய மாற்றமில்லை. ஆனால் தாழ்வு 26-இலிருந்து 37 ஆனது; தெருவில் நடக்கும்போது திரை உறைந்து உறைந்து நகர்ந்தது நின்றுவிட்டது. சராசரியை மட்டும் பார்ப்பவர் இந்த விளையாட்டில் ராம் எதையும் செய்யவில்லை என்றே எழுதியிருப்பார்.

இரண்டாவது முடிவு

இப்போது கேள்வி மீண்டும் பிராசசருக்கு வந்தது. கணினியை வீட்டுக்கு அனுப்பி, இரண்டு வாரம் எந்த விளையாட்டை எத்தனை மாலை விளையாடுகிறார் என்று ஒரு தாளில் குறித்துவரச் சொன்னேன். ஐந்தில் நான்கு மாலைகள் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்று தெரிந்தது. அவர் அதுவரை தம்மைச் சைபர்பங்க் விளையாடுபவராகவே எண்ணியிருந்தார்.

ராமுக்குப் பிறகும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் கார்டு 68 சதவீதத்தில்தான் இருந்தது. 136 ஃப்ரேமுக்கு 68 சதவீதம் என்றால், முழுப் பயன்பாட்டில் ஏறத்தாழ 200 வரை போகலாம். குறைந்த சுமையில் கார்டு தன் கடிகாரத்தைத் தானே தணித்துக்கொள்ளக்கூடும் என்பதால் இந்தக் கணக்கைத் துல்லியமாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் மேல்வரம்பு எங்கே இருக்கிறது என்று தோராயமாகக் காட்ட இது போதும்.

முன்னிருந்த வழிகள் நான்கு. 45,000 ரூபாய்க்குப் பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் புதிதாக வாங்கினாலும் இந்தக் கார்டு 200-ஐ ஒட்டியே நிறுத்திவிடும் என்பதால், கூடுதல் பணத்தின் பயன் திரைக்கு வராது. பழைய மதர்போர்டிலேயே பொருந்தும் ரைசன் 7 5800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3 கேச் கொண்ட சிறந்த பிராசசர்தான். அதற்கும் இதே மறுப்பு பொருந்தும். கார்டை மட்டும் மாற்றினால் சைபர்பங்க் உயரும். அவர் அதிகம் விளையாடும் விளையாட்டு இம்மியும் நகராது. எஞ்சியது ரைசன் 5 5600. 2600-ஐப் போலவே 6 கோர், 12 த்ரெட், 65 வாட். ஆகவே மின்வழங்கியைத் தொட வேண்டியதில்லை. எல்லாக் கோர்களும் ஒரே தொகுதியாக இருந்து 32 எம்பி கேச்சைப் பகிர்கின்றன. உச்ச வேகம் 3.9-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ் ஆகிறது. விலை அப்போது 12,500 ரூபாய்.

வாங்குவதற்கு முன்பு, நான் எதிர்பார்ப்பதைத் தாளில் எழுதித் தந்தையிடம் கொடுத்தேன். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் சராசரி 170-க்கும் 200-க்கும் இடையே, தாழ்வு 100-க்குக் குறையாமல். சைபர்பங்கின் வழக்கமான அமைப்பில் சராசரி மூன்று ஃப்ரேமுக்கு மேல் கூடாது. "ரெண்டாவதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே எழுதிக் குடுக்கிறீங்களே" என்று அவர் கேட்டார். ஆம், அதற்காகவே எழுதுகிறேன் என்றேன். மகன் முழு உடன்பாட்டுடன் இருந்ததாகச் சொல்ல முடியாது. சைபர்பங்கும் உயர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் தம் கையால் குறித்த தாளை அவரால் மறுக்க இயலவில்லை.

பொருத்திய நாள்

பழைய பயாஸ் 5600-ஐ அறியாது. ஆகவே பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை மேம்படுத்திவிட வேண்டும். பயாஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் மதர்போர்டு மீளாமலே போகலாம். நவம்பர் மழையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுவது இங்கே வாரத்துக்கொரு செய்தி. முதல் நாள் என் யுபிஎஸ்ஸைச் சோதித்தபோது பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்பதால் வேலையைத் தள்ளிவைத்து, பேட்டரியை மாற்றிய பிறகே தொடங்கினேன். அந்த மதர்போர்டின் குறிப்பில் இடைநிலைப் பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றும்படி சொல்லியிருந்ததால், இரண்டு கட்டமாக முடிந்தது.

குளிர்ப் பகுதியில் இந்த வகைப் பிராசசரைக் கழற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏஎம்4 பிராசசரின் அடியில் 1,331 ஊசிகள் உள்ளன. அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. வெப்பக்கடத்துப் பசை குளிரில் இறுகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய நிலையிலேயே பிராசசர் கூலரோடு பிய்ந்து வந்து ஊசிகள் வளையும். காலை 11 டிகிரிக் குளிரில் அப்படி வந்த ஒன்றைச் சென்ற ஆண்டு பார்த்தேன். ஆகவே கணினியை இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓடவிட்டுப் பசை இளகிய பின் அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தேன். வந்துவிட்டது.

புதிய பிராசசருடன் முதல் சோதனையில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 சராசரி 160, தாழ்வு 84 என்று வந்தது. எழுதிக் கொடுத்ததைவிடக் குறைவு. விளையாட்டையும் டிரைவரையும் ஒரு மணி நேரம் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்; பிறகுதான் ராமின் வேகத்தைப் பார்க்கத் தோன்றியது. பயாஸ் மேம்பாட்டின்போது எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பி, ராம் மறுபடியும் 2400-க்குப் போயிருந்தது. எக்ஸ்எம்பியை இயக்கி, 5600 அதிகாரபூர்வமாகவே ஏற்கும் 3200-இல் வைத்து, இரவுச் சோதனையில் பிழை இல்லை என்று உறுதி செய்தபின் மீண்டும் அளந்தேன்.

விளைவு

கவுன்டர் ஸ்ட்ரைக் 2: சராசரி 184, தாழ்வு 97. கார்டின் பயன்பாடு 92 சதவீதம். சராசரி எழுதியபடி வந்தது. தாழ்வு 100-ஐத் தொடவில்லை. சைபர்பங்க், வழக்கமான அமைப்பு: சராசரி 50, தாழ்வு 42. முன்பு 49-உம் 37-உம். சராசரியில் ஒரு ஃப்ரேம்.

ஆனால் சைபர்பங்கில் எதிர்பார்க்காத பயன் ஒன்றும் இருந்தது. அதில் எஃப்எஸ்ஆர் 2 என்ற வசதி உண்டு. குறைந்த தெளிவுத்திறனில் வரைந்து அதைப் பெரிதாக்கிக் காட்டுவதன் வழியாகக் கார்டின் பாரத்தைக் குறைப்பது அது. ஜிடிஎக்ஸ் கார்டிலும் இயங்கும். பழைய பிராசசரில் அதைக் குவாலிட்டி நிலையில் வைத்தபோது சராசரி 60 வந்தாலும், சந்தைத் தெருவில் தாழ்வு 39-ஐத் தாண்டவில்லை. கார்டுக்குக் கிடைத்த ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ளப் பிராசசரால் முடியவில்லை. புதியதில் சராசரி 64, தாழ்வு 50. பிராசசர் நேரடியாகக் கொடுக்காத வேகத்தை, கார்டின் பாரத்தைக் குறைத்த பிறகு கொடுத்தது. இதை நான் தாளில் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். முதல் நாளின் 720பி சோதனையிலேயே இதற்கான தடயம் இருந்தது.

மொத்தச் செலவு ராமுக்கும் பிராசசருக்குமாக 14,200 ரூபாய்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பயாஸை மேம்படுத்திய பிறகு, பழைய பிராசசருடனேயே ஒரு முறை அளந்திருக்க வேண்டும். ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியால் அவ்வப்போது சிறு திணறல் ஏற்படக்கூடும் என்பதை ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் அறிவித்து, அதற்கான திருத்தத்தைப் பயாஸ் மேம்பாடுகள் வழியாக வழங்கியது. இந்தக் கணினியின் பயாஸ் அதற்கும் முந்தையது. ஆகவே தாழ்வு எண்ணில் கண்ட உயர்வில் எவ்வளவு பிராசசரால், எவ்வளவு பயாஸால் என்று என்னால் பிரித்துக் காட்ட இயலாது. ஒரே நாளில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றின் பெயரில் கணக்கு எழுதியது என் பிழை.

முதல் அளவீட்டுக்கும் கடைசி அளவீட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம் ஓடிவிட்டது. புதிதாக வந்திருந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு அந்த மாதத்தில் பலமுறை திருத்தங்கள் வந்தன. பழைய பிராசசரைக் கடைசி நாளில் மீண்டும் பொருத்தி ஒப்பிட்டிருந்தால் இந்த ஐயமும் நீங்கியிருக்கும். ஊசிகள் வளைந்துவிடுமோ என்று அஞ்சி அதைச் செய்யாமல் விட்டேன். அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், 184 என்ற எண்ணைப் பார்க்கும் எவரும் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பயாஸைத் தொட்டபின் முதலில் ராமின் வேகத்தைப் பார்ப்பது இப்போது என் மேசையில் ஒட்டிய பட்டியலின் முதல் வரி. விளையாடும் மாலைகளைக் குறிக்கும் தாளையும் இனி ராம் வருவதற்குக் காத்திருக்காமல், கணினி என்னிடம் வருவதற்கு முன்பே கேட்டுவாங்குகிறேன்.

இப்போதைய நிலை

கழற்றிய 2600 பிராசசரை ஊசிகள் மடங்காதபடி அதன் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தேன். அதை விற்பதா, தங்கைக்கு ஒரு கணினி சேர்ப்பதா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. பொங்கலுக்குப் பிறகு தந்தை ஒரு முறை கடைக்கு வந்தார். மகன் இப்போது கிராபிக்ஸ் கார்டு கேட்பதாகச் சொன்னார். நான் முன்பு எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதன் பின்பக்கத்தில், கார்டு மாற்றினால் எந்த விளையாட்டு எவ்வளவு உயரும் என்று எழுதித் தரும்படி கேட்டார். கணினியைக் கொண்டுவாருங்கள், அளந்துவிட்டு எழுதுகிறேன் என்றேன்.